இருவர் மட்டும் மிஞ்சிய அணி: சென்னைக் கல்லூரியில் டென்னிஸ் அணியை மறுபடி கட்டுவதற்கு ஒரு வழிகாட்டி

சென்ற கல்வியாண்டின் ஏப்ரல் மாதக் கடைசியில் எங்கள் கல்லூரி டென்னிஸ் அணியில் ஆறு பேர் இருந்தோம். ஜூன் மாதம் கல்லூரி திறந்தபோது இருவர் மட்டுமே மிஞ்சினோம். மூவர் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான்காமவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. தலைவர் பொறுப்பு என்னிடம் வந்ததற்கு என் ஆட்டத்திறன் காரணமன்று. எஞ்சியிருந்த இன்னொருவர் அதை ஏற்க மறுத்துவிட்டார் என்பதே காரணம். அந்தப் பருவத்தின் முதல் போட்டியில் ஒரு பந்தைக்கூட அடிக்காமல் தோற்றுத் திரும்பினோம். என் கூட்டாளியின் பெயர் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒரு விதமாகவும் கல்லூரி அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருந்ததால் அவரை ஆட விடவில்லை. மாற்று ஆட்டக்காரர் என்று எங்களிடம் யாரும் இல்லை. ஐந்து மாதங்களுக்குப் பிறகு இதே அணி இன்னொரு போட்டியில் அரையிறுதி வரை போனது. இடைப்பட்ட காலத்தில் நான் தட்டுத்தடுமாறிக் கற்றவற்றை, புதிதாகத் தலைவர் பொறுப்பேற்கும் மாணவருக்கும், ஆடிப் பழக்கமே இல்லாமல் டென்னிஸ் பொறுப்பாசிரியராக நியமிக்கப்பட்டுவிட்டவருக்கும் பயன்படும்படி, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. கோடை விடுமுறைக்கு முன்பே ஆளைக் கணக்கெடுங்கள்

பருவத் தேர்வுகள் முடிந்து எல்லாரும் ஊருக்குக் கிளம்புவதற்கு முன், அடுத்த ஆண்டு யார் யார் உறுதியாக இருப்பார்கள் என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "இருப்பேன்" என்ற சொல்லை மட்டும் நம்பிவிட வேண்டாம். இறுதியாண்டுக்குப் போகிறவருக்கு வளாக நேர்காணல் எந்த மாதத்தில் வருகிறது, பயிற்சிப் பணிக்கு வெளியூர் போக வேண்டியிருக்குமா, அரியர் எத்தனை இருக்கிறது, வீட்டில் ஆட அனுமதிக்கிறார்களா ஆகிய நான்கையும் கேளுங்கள். இந்தக் கணக்கை ஜூலையில் எடுத்தால் காலம் கடந்துவிடும். ஏனென்றால் புதிய ஆட்களைச் சேர்ப்பதற்கான கதவு மே மாதத்தில்தான் திறக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்த சில நாட்களுக்குள் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான தேர்வாட்டங்கள் நடந்து முடிந்துவிடும். எத்தனை ஆட்கள் தேவை, எப்படிப்பட்ட ஆட்கள் தேவை என்று உடற்கல்வி இயக்குநரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுக்காவிட்டால், அந்த இடங்கள் கூடைப்பந்துக்கும் கைப்பந்துக்கும் போய்விடும். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆட்டங்களின் தலைவர்கள் முன்கூட்டியே கேட்டிருப்பார்கள்.

2. பந்துக்கு முன் கோப்பு

எங்கள் தோல்வி தொடங்கிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். அணியில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கோப்பை, சேர்ந்த அன்றே, தொடங்கிவிடுங்கள். அதில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் (பிறந்த தேதிக்கு இதைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள்), பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், நடப்பாண்டுக் கட்டண ரசீது, கல்லூரி அடையாள அட்டை, ஆதார் அட்டை ஆகியவற்றின் நகல்கள் மூன்று தொகுதிகளும், ஒரே நாளில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் பத்தும் இருக்கட்டும். போனஃபைடு சான்றிதழ் (இவர் இந்தக் கல்லூரி மாணவர்தான் என்று கல்லூரி தரும் சான்று) தனியாக வாங்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் விண்ணப்பித்த நாளிலிருந்து மூன்று வேலை நாட்கள் ஆயின. சேர்க்கை நடக்கும் வாரங்களில் ஒரு வாரம் ஆனது. மருத்துவத் தகுதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துப் பயனில்லை. சில போட்டிகளில் அண்மைத் தேதியிட்டதையே ஏற்கிறார்கள்.

பெயர்ப் பொருத்தம்தான் பெரிய கண்ணி. நம் ஊரில் முன்னெழுத்து என்பது ஒவ்வோர் ஆவணத்திலும் ஒவ்வோர் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. மதிப்பெண் சான்றிதழில் "கார்த்திக் ரா" என்று பின்னால் வரும், ஆதாரில் தந்தை பெயர் முழுதாக விரிந்து "கார்த்திக் ராஜேந்திரன்" என்று இருக்கும், கல்லூரி அடையாள அட்டையில் அலுவலகத்தார் தட்டச்சு செய்தபடி "ரா. கார்த்திக்" என்று முன்னால் வந்து நிற்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது நமக்குத் தெரியும். பதிவு மேசையில் உட்கார்ந்திருப்பவர் வெளிமாநிலத்தவராக இருந்தால் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், எதிரணி ஆட்சேபம் எழுப்பினால் அவர் எழுத்தைத்தான் பார்ப்பார். எனவே தகுதிப் படிவத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரை, எழுத்து மாறாமல், அப்படியே எழுதுங்கள். அடையாள அட்டை வேறுபட்டால், இருவரும் ஒருவரே என்று கல்லூரி முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் கொண்ட ஒரு கடிதத்தைப் பருவத் தொடக்கத்திலேயே வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்தக் கடிதத்துக்கு எனக்கு ஆன செலவு ஒரு வெள்ளைத்தாள். அது இல்லாததால் போனது ஒரு போட்டி.

தகுதி விதிகளையும் இப்போதே பாருங்கள். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் வகுத்த விதிகள் செல்லும். குறிப்பிட்ட தேதியில் 25 வயதைத் தாண்டியவரும், முழுநேர வேலையில் இருப்பவரும் ஆட முடியாது. வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி முதுகலைக்கு வந்தவர்களிடம் இவ்விரண்டையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் அந்தந்த நடத்துநரின் சுற்றறிக்கைதான் சட்டம். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பது நல்ல பழக்கம்.

3. நேர அட்டவணையும் வானமும்

சென்னையின் பழைய கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் காலை ஷிப்டு, மாலை ஷிப்டு என்று இரண்டு உண்டு. அணியில் இரண்டு ஷிப்டு மாணவர்களும் இருந்தால் எல்லாரும் ஒன்றுசேரக்கூடிய நேரம் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை மட்டுமே. இதை நான் உணர்வதற்கு மூன்று வாரங்கள் ஆயின. அதுவரை மாலைப் பயிற்சி என்ற பெயரில் மூன்று பேர் மட்டும் அடித்துக்கொண்டிருந்தோம். அறிவியல் துறை மாணவர்களுக்கு ஆய்வக நாட்கள் எவை, விடுதியில் இருப்பவருக்குக் காலை எத்தனை மணிக்கு வாயிற்கதவு திறக்கும், தாம்பரத்துக்கு அப்பாலிருந்து வருகிறவருக்கு எந்த மின்சார ரயில் என்பவற்றையெல்லாம் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். வாரத்தில் எல்லாரும் வரக்கூடிய நாட்கள் மூன்றுக்கு மேல் தேறாது. அந்த மூன்றை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மழை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் பருவத் தேர்வுகள். ஆகவே ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் ஆகிய மூன்று மாதங்களே உங்கள் கையில் இருப்பவை. பொறியியல் கல்லூரியாக இருந்தால் நிலைமை இன்னும் நெருக்கடி: கலந்தாய்வு முடிந்து முதலாண்டு மாணவர்கள் வகுப்புக்கு வருவதற்கே ஆகஸ்டு கடைசி ஆகிவிடுவது உண்டு. அத்தகைய கல்லூரியில் முதலாண்டு மாணவரை நம்பி அணியைத் திட்டமிடாதீர்கள். அவர் வந்தால் வரவு என்று வைத்துக்கொண்டு, இருக்கும் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் கொண்டே தொடங்குங்கள்.

4. ஆள் தேடுதல்

அறிவிப்புப் பலகையில் "டென்னிஸ் தெரிந்தவர்கள் வரலாம்" என்று எழுதி ஒட்டினோம். பதினொரு பேர் வந்தார்கள். மட்டையைச் சரியாகப் பிடித்தவர் இருவர். பலகையைக் காட்டிலும் உடற்கல்வித் துறையில் இருக்கும் சேர்க்கைப் பதிவேடு பயனுள்ளது. பள்ளியில் மாவட்ட அளவிலோ மண்டல அளவிலோ ஆடிவிட்டு, கல்லூரிக்கு வந்ததும் மட்டையைப் பரணில் போட்டுவிட்டவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள். எங்கள் வணிகவியல் துறையில் ஒரு பெண் பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் அகில இந்திய டென்னிஸ் சங்கப் போட்டிகளில் ஆடியவர். இரண்டு ஆண்டுகளாக அதே கட்டடத்தில் படித்தும் எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

தரவரிசையில் இருக்கும் ஆட்டக்காரர் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அவருடைய போட்டி நாட்காட்டியை முதல் நாளே வாங்கிப் பாருங்கள். தரவரிசைப் புள்ளிகளுக்காக அவர் ஒவ்வொரு வாரமும் ஏதேனும் ஓர் ஊரில் ஆடிக்கொண்டிருப்பார். கல்லூரிப் போட்டியில் புள்ளி கிடையாது. எந்த மூன்று கல்லூரிப் போட்டிகளுக்குக் கட்டாயம் வருவார் என்பதை அவரும் அவருடைய பெற்றோரும் உடற்கல்வி இயக்குநர் முன்னிலையில் எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு மனத்தாங்கலுக்கு இடமில்லை. எழுதி வாங்காவிட்டால், அவரை நம்பி வரிசை போட்டுவிட்டு, ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

ஆடத் தெரிந்தவர்கள் போதவில்லை என்றால் வேறு ஆட்டங்களிலிருந்து ஆள் எடுக்கலாம். இதில் என் கருத்து வழக்கமான கருத்துக்கு மாறானது. எல்லாரும் முதலில் இறகுப்பந்து ஆடுகிறவரைத் தேடிப் போகிறார்கள். அவருடைய காலோட்டம் அருமையாக இருக்கும். ஆனால் மணிக்கட்டைச் சுழற்றி அடித்துப் பழகியவருக்கு, அதைவிடக் கனமான மட்டையில் மணிக்கட்டை இறுக்கி அடிக்கப் பழக்குவதற்குள் பருவம் முடிந்துவிடும். மாறாக, கிரிக்கெட்டில் வேகமாகப் பந்து வீசுகிறவரையோ எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட்டுக்கு நேராக எறிகிறவரையோ கொண்டுவாருங்கள். சர்வ், அதாவது புள்ளியைத் தொடங்கிவைக்கும் அடி, தலைக்கு மேலே எறிவதன் உடன்பிறப்பு. இரண்டு மாதங்களில் அவருடைய முதல் சர்வ் எதிரியைத் திணறவைக்கும். பூப்பந்து (பால் பேட்மிண்டன்) ஆடி வந்த தென்மாவட்ட மாணவர் கிடைத்தால் விடவே விடாதீர்கள். திறந்தவெளியில், காற்றில், துள்ளி எழாத கம்பளிப் பந்தைத் தரையில் படவிடாமலே அடித்துப் பழகிய அந்தக் கை, வலைக்கு அருகே நின்று வாலி (பந்து தரையில் படுமுன்பே அடிப்பது) அடிப்பதற்கென்றே படைக்கப்பட்டது போலிருக்கும். ஒரு எச்சரிக்கை: மென்மையான ரப்பர் பந்தில் ஆடும் சாஃப்ட் டென்னிஸ் அணியும் இதே ஆட்களைக் குறிவைக்கும். இரண்டு போட்டிகளின் தேதிகளும் மோதுமா என்று இரு தலைவர்களும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

பெண்கள் அணி குறித்து ஒரு சொல். "நாலு பேர் இல்லையே" என்று பதிவு செய்யாமல் விட்டுவிடும் கல்லூரிகள் நிறைய. இரண்டு ஒற்றையர், ஓர் இரட்டையர் என்ற முறையில், ஒற்றையர் ஆடியவரே இரட்டையரும் ஆடலாம் என்று விதி இருந்தால், இரண்டு பேரே ஓர் அணி. மூன்றாமவர் ஒருவர், வெறும் மாற்றாக, ஆவணங்களோடு உடன் வந்தால் போதும்.

5. ஏணி வரிசை

யார் முதல், யார் இரண்டாவது என்பதைத் தலைவரின் வாயால் முடிவு செய்யாதீர்கள். உடற்கல்வித் துறை வாசலில் பெயர்களை மேலிருந்து கீழாக எழுதி ஒட்டுங்கள். கீழே இருப்பவர் தமக்கு மேலே உள்ள இரண்டு இடங்கள் வரை சவால் விடலாம். சவாலை ஒரு வாரத்துக்குள் ஆடிவிட வேண்டும். ஆளுக்கொரு செட் ஆனால் மூன்றாவது செட்டுக்குப் பதிலாக, பத்துப் புள்ளிக்கு ஆடும் முடிவாட்டமான டைபிரேக். தோற்றவர் அதே ஆளுக்கு இரண்டு வாரம் மறுசவால் விட முடியாது. புள்ளித்தாளில் இருவரும் கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்க்க வேண்டும். நுழைவுப் படிவம் அனுப்புவதற்குப் பத்து நாட்களுக்கு முன் ஏணியை மூடிவிடுங்கள். அதற்குப் பின் காயம் தவிர வேறு எதற்கும் திறக்காதீர்கள்.

என்னை நானே இரண்டாம் இடத்தில் எழுதிக்கொண்டுதான் இந்த முறையைத் தொடங்கினேன். மூன்றாவது வாரத்தில் இரண்டாமாண்டு இயற்பியல் மாணவன் ஒருவன் என்னை 6–3, 6–2 என்று தோற்கடித்தான். பெயரை நானே அழித்துக் கீழே எழுதினேன். அன்று முதல் வரிசையைப் பற்றி அணியில் ஒரு முணுமுணுப்பும் எழவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

6. முதலில் இரட்டையர் இணை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள இடமிருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் ஓர் ஒற்றையர் ஆட்டக்காரரை உருவாக்க முடியாது. அவருடைய பேக்ஹேண்ட் பத்து வயதில் கற்ற பேக்ஹேண்டாகவே இருக்கும். ஆனால் எட்டு வாரத்தில் ஓர் இரட்டையர் இணையை உருவாக்கிவிடலாம். மூன்று ஆட்டங்கள் கொண்ட போட்டியில் உங்கள் நல்ல ஆட்டக்காரர் ஒரு ஒற்றையரை வென்று, மற்றவர் தோற்றால், முடிவு இரட்டையரில்தான் வருகிறது. எதிரணியோ பெரும்பாலும் தன்னுடைய இரண்டு ஒற்றையர் ஆட்டக்காரர்களையே களைப்போடு இரட்டையருக்கும் இறக்கும். அவர்கள் இருவரும் சேர்ந்து பயிற்சி செய்தே இருக்க மாட்டார்கள்.

எங்களுக்கு இதைப் புரியவைத்தவர் நாங்கள் வாடகைக்கு ஆடிய களத்தின் மார்க்கர், அதாவது கூலிக்கு உடன் ஆடிப் பயிற்சி கொடுப்பவர். முதல் நாள் நாங்கள் ஆடுவதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நடுவுல போற பந்து யாருக்கு? அதைப் பேசிட்டு அப்புறம் சர்வ் போடுங்க" என்றார். பேசியிருக்கவில்லை. அன்றைக்கு இழந்த புள்ளிகளில் ஏறத்தாழப் பாதி, இருவரும் பார்த்துக்கொண்டே நின்றதால் நடுவில் போன பந்துகள்.

பயிற்சியை இப்படி வகுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரங்களில் சர்வையும் ரிட்டர்னையும் (சர்வைத் திருப்பி அடிப்பது) தவிர வேறொன்றும் வேண்டாம். ரிட்டர்ன் எப்போதும் குறுக்காக, வலைக்கருகே நிற்பவரிடமிருந்து விலகி, தாழ்வாகப் போக வேண்டும். வலை நடுவில் 91 சென்டிமீட்டர் உயரம், ஓரக்கம்பத்தில் 107 சென்டிமீட்டர் என்பதால் குறுக்கே அடிப்பதுதான் பாதுகாப்பானதும்கூட. மூன்றாவது வாரத்திலிருந்து முதல் வாலி. சர்வ் போட்டவர் முன்னே ஓடிவந்து சர்வீஸ் கோட்டருகே ஒரு கணம் நின்று, வரும் பந்தை எதிரிகளின் காலடியில் போட வேண்டும். அழகான அடி எதுவும் தேவையில்லை. ஐந்தாவது வாரம் முதல் வலைக்கருகே நிற்பவர் முதுகுக்குப் பின்னால் விரல்காட்டிக் குறுக்கே பாய்வதையும் பாயாமல் நிற்பதையும் பழகட்டும். கடைசி இரண்டு வாரங்கள் முழுவதும் ஆட்டம் மட்டுமே, அதுவும் போட்டியில் வரப்போகும் புள்ளிமுறையில்.

அந்தப் புள்ளிமுறை முக்கியம். நோ-ஆட் முறையில் 40–40 ஆனதும் ஒரே புள்ளியில் கேம் முடிகிறது. சர்வை எந்தப் பக்கத்தில் வாங்குவது என்பதை வாங்கும் அணி தேர்ந்தெடுக்கலாம். அந்தப் புள்ளியை யார் வாங்குவது என்று களத்தில் நின்று கூடிப் பேசும் இணை பதறிவிட்டது என்பது எதிரணிக்குத் தெரிந்துவிடும். முன்பே முடிவு செய்யுங்கள். எங்களுக்கு அது எப்போதும் இடக்கை ஆட்டக்காரர்தான்.

வெயிலையும் காற்றையும் கணக்கில் எடுங்கள். முறையாக அமைத்த களம் வடக்கு தெற்காக நீண்டிருக்கும். இடமில்லாத கல்லூரிகளில் கிழக்கு மேற்காகப் போட்டுவிட்டிருப்பார்கள். அங்கே காலை எட்டு மணிக்குக் கிழக்கு நோக்கி சர்வ் போடுகிறவருக்குப் பந்து தெரியாது. இணையில் ஒருவர் இடக்கை என்றால், வெயில் கண்ணில் அடிக்கும் முனையிலிருந்து யாருக்குப் பந்தை எறிந்து அடிப்பது எளிது என்று பயிற்சியின்போதே பார்த்து வையுங்கள். பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் உயரே தூக்கி அடிக்கும் லாப் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. அதை நம்பி ஆடாதீர்கள்.

7. செலவு

எங்கள் பருவத்துக்கு, ஆறு பேருக்கு, ஆன செலவை அப்படியே தருகிறேன். உங்கள் கல்லூரியில் சொந்தக் களம் நல்ல நிலையில் இருந்தால் பெரிதும் குறையும். எங்களுடையது வெடிப்பு விழுந்த சிமென்ட் தளம், கூடைப்பந்துக்காரர்களோடு பங்கு.

வெளிக்களம் மணிக்கு 500 ரூபாய். நாளுக்கு இரண்டு மணி, வாரம் மூன்று நாள், எட்டு வாரம் என்று 24,000. பந்து 24 டப்பா கொண்ட பெட்டி இரண்டு, டப்பா 420 வீதம் 20,160. மட்டைக்குக் கட் (நரம்பு) போட ஆளுக்கு இருமுறை, ஒவ்வொன்றும் 800 வீதம் 9,600. மார்க்கருக்கு 16 நாட்களுக்கு 6,400. அணிச் சட்டைகள் 7,200. நுழைவுக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 4,000. ஆட்டோ, ரயில், சாப்பாடு 8,000. மொத்தம் 79,360 ரூபாய். கல்லூரி ஒதுக்கியது 45,000. மீதியில் பாதியைப் பழைய மாணவர்கள் தந்தார்கள், பாதியை நாங்கள் போட்டோம்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்றால், சட்டையில் பிடிக்கலாம். பந்தில் பிடிக்கக் கூடாது. டப்பாவைத் திறந்ததிலிருந்து பந்தின் உள்ளழுத்தம் குறைந்துகொண்டே போகும். சிமென்ட் தளத்தில் மேல்கம்பளியும் சீக்கிரம் தேய்ந்துவிடும். செத்த பந்தில் ஆடிப் பழகிய அணி போட்டியில் புதுப்பந்து எகிறும்போது கோட்டுக்கு வெளியே அடித்துக்கொண்டிருக்கும். கூடையிலிருந்து பந்தெடுத்துப் போட்டு அடித்துப் பழகும் பயிற்சிக்குப் பழைய பந்து போதும். வாரத்தில் ஒரு நாள் ஏணி ஆட்டங்களைப் புதுப்பந்தில் ஆடுங்கள். சென்னையின் புழுக்கத்தில் வியர்வையால் மட்டை கைநழுவும். கைப்பிடி மேலுறையை வாரத்துக்கு ஒன்று மாற்றுவது ஆடம்பரமன்று. பெரியமேட்டில் நேரு விளையாட்டரங்கத்தை ஒட்டிய கடைகளில் மொத்தமாக வாங்கினால் விலை பேச முடியும்.

ரசீது பற்றிய கண்ணி ஒன்று உண்டு. நாங்கள் முதல் பெட்டிப் பந்தை என் பெயரில் ரசீது போட்டு வாங்கினோம். கல்லூரி அலுவலகம் அதை ஏற்கவில்லை. பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அந்தத் தொகை கைக்கு வர டிசம்பர் ஆனது, அதுவும் கடைக்காரரிடம் நடந்து நடந்து கல்லூரி முதல்வர் பெயருக்கு மறுரசீது வாங்கிய பின்னரே. எந்தப் பெயரில், வரி எண்ணோடு, எந்தத் தேதிக்குள் ரசீது வேண்டும் என்பதைக் கணக்குப் பிரிவில் கேட்டுக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள். ஆட்டோவுக்கு ரசீது கிடைக்காது. அதற்கென்று அலுவலகத்தில் ஒரு வவுச்சர்ப் படிவம் இருக்கும்.

8. ஓ.டி. கடிதம்

போட்டிக்குப் போய்விட்டு வந்து ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது போட்டிக்குப் போன நாளையும் வருகையாகக் கணக்கிடும் அனுமதி) கேட்காதீர்கள். 75 விழுக்காடு வருகைக்குக் கீழே விழுந்தால் தேர்வெழுத முடியாமல் போகலாம். அந்தச் சமயத்தில் கோப்பையைக் காட்டிப் பயனில்லை. போட்டிச் சுற்றறிக்கையின் நகலை இணைத்து, போகும் முன்பே துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகப் பயிற்சியையும் அகமதிப்பீட்டுத் தேர்வையும் ஓ.டி. ஈடுசெய்யாது. அவற்றுக்கு ஆசிரியரிடம் நேரில் போய், "சார், இந்தத் தேதியில் வேறு பிரிவோடு செய்துவிடட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

9. நுழைவுப் படிவமும் பயணமும்

கடைசித் தேதிக்கு இரண்டு நாட்கள் முன்னதாகப் படிவம் முதல்வர் மேசையில் இருக்க வேண்டும். அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கடைசித் தேதி வரும். ஆறு பேர் பெயரையும் எழுதுங்கள், நால்வர்தான் ஆடுவார்கள் என்றாலும். படிவத்தில் இல்லாத பெயரைப் பின்னர் சேர்க்க விடமாட்டார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவருக்குத் தனிப்பிரிவு உண்டு. அதற்குப் பதிவு இணையவழியில் நடப்பதால் கல்லூரி முதல்வரின் கையெழுத்துக்குக் காத்திருக்கும்போதே அதை முடித்துவிடலாம்.

வெளியூர்ப் போட்டியாக இருந்தால் ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்கள் முன்னரே திறந்துவிடும். போட்டி அட்டவணையோ இரண்டு வாரத்துக்கு முன்தான் வரும். தட்கலை நம்பினால், முதல் நாள் காலை குளிர்வசதிப் பெட்டிக்குப் பத்து மணிக்கும் மற்றதற்குப் பதினொரு மணிக்கும் திறக்கிறது. ஆறு பேருக்கும் ஒரே வண்டியில் கிடைப்பது அரிது. சென்னையைச் சுற்றித்தான் என்றாலும் தூரத்தை எளிதாக எண்ண வேண்டாம். தாம்பரத்துக்குத் தெற்கே பொத்தேரிப் பக்கம் எட்டு மணிக்கு ஆஜராக வேண்டுமென்றால் நுங்கம்பாக்கத்தில் ஆறு மணிக்கு முன்பே வண்டியேற வேண்டும்.

10. ஆட்ட நாள்

கோப்புகளை ஒருவர் கையிலேயே விடுங்கள். அவர் அன்று ஆடாதவராக இருப்பது நல்லது. ஆஜராகும் நேரம் வேறு, ஆட்ட நேரம் வேறு. ஆஜர் நேரத்துக்குப் பின் எத்தனை நிமிடம் பொறுத்து எதிரணிக்கு வாக்ஓவர் (ஆடாமலே வெற்றி) கொடுப்பார்கள் என்பதைப் போனவுடன் கேளுங்கள். யார் எந்த ஆட்டம் ஆடுவார் என்று எழுதிய வரிசைத் தாளைக் கொடுப்பதற்கு முன், ஒற்றையர் ஆடியவர் இரட்டையரும் ஆடலாமா, இரண்டுக்கும் நடுவே எத்தனை நிமிட ஓய்வு, இரட்டையர் பெயர்களை இப்போதே எழுத வேண்டுமா அல்லது ஒற்றையர் முடிந்த பின் எழுதலாமா ஆகிய மூன்றையும் நடுவரிடம் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு "பின் எழுதலாம்" என்று பதில் வந்தால், நீங்கள் தனியாகப் பழக்கிய இணை இருப்பது யாருக்கும் தெரியாமல் கடைசி வரை காக்கலாம். எங்கள் கால் இறுதி அப்படித்தான் கிடைத்தது.

தண்ணீர் மட்டும் போதாது. உப்பும் சர்க்கரையும் கரைத்த நீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், உப்புப் போட்ட மோர், மாற்றுச் சட்டை இரண்டு, கட் போட்ட இரண்டாவது மட்டை ஆகியவை கட்டாயம். மழை பெய்து நின்றால் களத்தைத் துடைக்க நடத்துநரிடம் ஆள் போதாது. ஒரு தள்ளுதுடைப்பானும் பழைய துண்டுகளும் உங்கள் பையில் இருந்தால் ஆட்டம் ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கும், மாலை வெளிச்சம் போவதற்குள் முடியும்.

சரிபார்ப்புக்காக மூலச் சான்றிதழ்களைக் கொண்டுபோயிருந்தால், கல்லூரிக்குத் திரும்பிய அன்றே அவரவரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எங்கள் அணியில் ஒருவருடைய பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் மூன்று வாரம் பந்துப்பைக்குள் கிடந்தது.